செயல்வழி வீட்டுக்கல்விப் பாடத்திட்டம்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஆறு வயது மகளுக்காக நாங்கள் ஓராண்டு பயன்படுத்திய இந்த வீட்டுக்கல்விப் பாடத்திட்டத்தில் கணிதம், அறிவியல், மொழி ஆகிய மூன்றுக்கும் பெற்றோர் கையேடும் செய்பொருள்கள் அடங்கிய பெட்டியும் உண்டு. இதன் கணிதப் பகுதியை மனமாரப் பாராட்டுகிறேன். அறிவியலைச் சில திருத்தங்களோடு ஏற்கலாம். மொழிப் பகுதியை நான்காம் மாதத்திலேயே விட்டுவிட்டோம்.

கணிதப் பெட்டியின் உயிர், 1907இல் ரோமில் ‘குழந்தைகள் இல்லம்’ என்ற பள்ளியைத் தொடங்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் பொன்மணிகள்தாம். ஒற்றை மணி ஒன்று; பத்து மணி கோத்த கம்பி பத்து; அத்தகைய பத்துக் கம்பிகள் சேர்ந்த சதுரம் நூறு; பத்துச் சதுரங்கள் அடுக்கிய கனசதுரம் ஆயிரம். இருபத்தேழுடன் பதினைந்தைக் கூட்டும்போது சேரும் பன்னிரண்டு ஒற்றை மணிகளில் பத்தைக் கொடுத்து ஒரு கம்பியை வாங்கிக்கொண்ட என் மகளுக்கு, இனமாற்றுக் கூட்டலைத் தனியாக விளக்க வேண்டிய தேவையே எழவில்லை. ஆயிரத்தின் கனசதுரத்தை ஒரு கையிலும் ஒற்றை மணியை மறு கையிலும் ஏந்தி அவள் வெகுநேரம் நின்றதை நான் மறக்க மாட்டேன்.

பெல்ஜிய ஆசிரியர் ஜார்ஜ் குசினேர் உருவாக்கிய வண்ணக் கோல்களும் அதே பெட்டியில் உள்ளன. 1 முதல் 10 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள இக்கோல்களில் எண் எதுவும் பொறிக்கப்படாததே இவற்றின் சிறப்பு. ஆறுக்குப் பாதியாக வைத்த பச்சைக் கோலே ஒன்பதுக்கு மூன்றில் ஒரு பங்காகவும் பொருந்துவதைக் குழந்தை தானே கண்டுகொள்கிறது.

அறிவியலில் செய்முறைகள் நல்லவை, கையேடுதான் அவசரப்படுகிறது. கண்ணாடிக் குவளையின் ஓரத்தில் ஈரப்பஞ்சை வைத்து அவரை விதைகளை நேராகவும் தலைகீழாகவும் செருக வேண்டும். எப்படி வைத்தாலும் வேர் கீழ்நோக்கியே வளைவதைப் பார்க்கச் சில நாள்கள் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த முடிவைக் கையேடு படத்துடன் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறது. அப்பக்கத்தை மறைத்துவிட்டே பாடத்தைத் தொடங்கினோம். பெற்றோர் அனைவருக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

மொழிப் பகுதியில் எழுத்து அட்டைகளை வெட்டவும் ஒட்டவும் மினுக்குத்தூள் தூவவும் முக்கால் மணி நேரம் போனபின், படிப்பதற்குச் சில நிமிடங்களே எஞ்சின. கைவேலையை நீக்கிவிட்டாலும் பாடம் அப்படியே நிற்குமானால் அக்கைவேலை அலங்காரமே என்பது என் உறுதியான கருத்து. மணிகளை எடுத்துவிட்டால் கணிதப் பாடம் நிற்காது. மினுக்குத்தூளை எடுத்துவிட்டால் மொழிப் பாடம் மேம்படுகிறது. அதற்குப் பதிலாகத் தட்டில் மணல் பரப்பி விரலால் எழுதச் செய்தோம்.

பெற்றோரின் உழைப்பையும் சொல்ல வேண்டும். ஒவ்வோர் இரவும் அரைமணி நேரமாவது மறுநாளுக்கான பொருள்களை எடுத்துவைக்கச் செலவாயிற்று. இதை ஏற்க இயலாதவர்கள் கணிதப் பெட்டியை மட்டும் வாங்கலாம்; அடுத்த ஆண்டுக்கு நாங்களும் அதையே வாங்கவிருக்கிறோம். வாங்குமுன் ஒரு வாரத்துக்குரிய மாதிரிப் பாடங்களைக் கேட்டுப் பெறுங்கள். தொலைந்த கோலையோ மணியையோ தனியாக வாங்க முடியுமா என்றும் கேளுங்கள். எங்கள் பெட்டியில் மூன்றாம் மாதத்திலேயே இரண்டு கோல்கள் தொலைந்துபோயின.