கலைஞர்களுக்கு இலவச வெப்சைட் என்று வருகிறவர்களிடம் கவனம்

வன்னியில் மேளம், இசைக்குழு, கூத்து, வில்லுப்பாட்டு என்று எதில் இருப்பவராக இருந்தாலும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "கலைஞர்களுக்கு இலவசமா வெப்சைட் செய்து தாறம்" என்று ஒருவர் உங்களிடமும் வரலாம். என்னிடம் வந்தார். காசு போனது, எங்கள் மேளத்தின் பெயர் கெட்டது, எல்லாவற்றையும் விடப் பெரிதாக, அப்பாவின் வாசிப்பு அவர் கையில் மாட்டிக்கொண்டது. பொலிஸில் முறைப்பாடு கொடுத்து விசாரணை நடப்பதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர் செய்த விதத்தை ஒன்றும் விடாமல் எழுதுகிறேன். அடுத்தவரிடமும் அதே விதத்தில்தான் போவார்.

நான் முள்ளியவளையில் நாதஸ்வரம் வாசிப்பவன். தம்பி தவில். அப்பாவும் நாதஸ்வரம். வைகாசி பிறந்தால் ஆவணி முடியும்வரை ஒரு கோயில் மாறி ஒரு கோயில் என்று போய்க்கொண்டிருக்கும். முன்பெல்லாம் உபயகாரர், அதாவது திருவிழாச் செலவை ஏற்பவர், வீட்டுக்கு வந்து வெற்றிலையில் அச்சாரம் வைத்துவிட்டுப் போவார். இப்போது உபயகாரரில் பாதிப்பேர் கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போதுதான் ஊருக்கு வருவார்கள். மேளம் பேசுவது எல்லாம் போனில். "அண்ணை, உங்கட வெப்சைட் லிங்க் ஒண்டு அனுப்புங்கோ, வீட்டில காட்ட வேணும்" என்பார்கள். என்னிடம் முகநூலில் நாலு வீடியோ இருந்தது. நாலும் கல்யாண வீட்டில் யாரோ எடுத்தவை, வாசிப்பை விடச் சனத்தின் சத்தம்தான் கூடக் கேட்கும். அதனால் ஒரு வெப்சைட் வேண்டும் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது.

போன வருடம் தைப்பொங்கல் கழிந்து, முகநூலில் விளம்பரம் ஒன்றை மகள் காட்டினாள். போன் எடுத்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்கே வந்துவிட்டார். முப்பது வயது இருக்கும், நல்ல மரியாதையான பேச்சு. "வெப்சைட் முழுக்க இலவசம் அண்ணை. டொமைனுக்கு மட்டும்தான் காசு, அஞ்சு வருசத்துக்கு 30,000 ரூபா. நீங்க ஒண்டும் செய்யத் தேவையில்லை. போட்டோவும் பாட்டும் தாங்கோ, மிச்சத்தை நான் பார்க்கிறன்." டொமைன் என்பது இணையத்தில் உங்கள் பெயரும் விலாசமும். காசைக் கொடுத்தேன். பற்றுச்சீட்டு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தவரிடம் சீட்டுக் கேட்க எனக்கு நா எழவில்லை. நீங்கள் கேளுங்கள். நேர்மையான ஆள் என்றால் கோபிக்க மாட்டார்.

பாட்டு என்று நான் கொடுத்தது என்ன என்பதைச் சொல்ல வேண்டும். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு, கொழும்பிலிருந்து வந்த எங்கள் உறவினர் ஒருவர் நல்ல டேப் ரெக்கோர்டர் ஒன்று கொண்டுவந்தார். அடுத்த வருடம் ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு அம்மன் கோயில் திருவிழா இரவில், அப்பா வாசித்த தோடி ராகத்தை அவர் முழுதாகப் பதிந்தார். அப்பாவின் வாசிப்பு என்று எங்களிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். 2009இல் புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளம் முகாம் என்று போன இடமெல்லாம் அம்மா அந்தக் கசற்றை, நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளிகள் இருக்கும் பெட்டியோடு சேர்த்துப் பொலித்தீன் பையில் கட்டி இடுப்பில் வைத்திருந்தார். அப்பா திரும்பி வரவில்லை. கசற் வந்தது.

பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் அதைக் கணினிக் கோப்பாக மாற்றினோம். முதல் பக்கம் முழுதாக வந்தது, 47 நிமிடம். இரண்டாம் பக்கம் ஓடும்போது நாடா அறுந்துவிட்டது. ஆகவே அந்த 47 நிமிடமும் ஒரு மெமரி கார்ட்டில் மட்டும் இருந்தது. அந்தக் கார்ட்டைத்தான் கொடுத்தேன். "நாளைக்கே கொண்டு வந்து தாறன் அண்ணை" என்றார். இன்றுவரை வரவில்லை.

வெப்சைட் பார்க்க வடிவாகத்தான் இருந்தது. நானும் தம்பியும் பட்டு வேட்டியோடு நிற்கும் படம், கீழே என் போன் நம்பர், அதற்குக் கீழே பச்சை நிற வாட்ஸ்அப் பொத்தான். மேலே ஒரு விளம்பரப் பட்டி ஓடியது. "அது கொஞ்ச நாளில போயிடும்" என்றார். அது போகாது. வெப்சைட் கட்டும் நிறுவனங்கள் இலவசத் திட்டத்தில் போடும் அடையாளம் அது. விக்ஸிலும் வேர்ட்பிரஸ் டொட் கொம்மிலும் எவரும் காசில்லாமல் பக்கம் திறக்கலாம், விளம்பரம் வரும், முகவரியில் அவர்களுடைய பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் பிழை ஒன்றும் இல்லை, அவர்கள் அதை மறைப்பதும் இல்லை. ஒரு பின்னேரத்தில் மகளே செய்திருக்கக் கூடிய பக்கம் அது. அதை அவர் தன்னுடைய கணக்கில் திறந்து, நான் கொடுத்த காசில் வாங்கிய டொமைனில் இருந்து அங்கே திருப்பிவிட்டிருந்தார்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கையோடு எங்களுக்குப் போன் வரத் தொடங்கும். அந்த முறை வரவில்லை. சனத்திடம் காசில்லைப் போல என்று நினைத்துக்கொண்டோம்.

ஆனி மாதம் ஒரு காலை, கனடாவிலிருந்து வந்த ஒருவர் படலையில் நின்றார். உள்ளே வரவில்லை. "அச்சாரம் வாங்கிப்போட்டு இப்பிடிச் செய்யலாமோ அண்ணை?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் மேளம் என்று நம்பி அவர் 50,000 ரூபா வங்கியில் போட்டிருக்கிறார். திருவிழா அன்று வந்தது முன்பின் தெரியாத வேறு ஒரு கூட்டம். "இவையும் எங்கட ஆக்கள்தான்" என்று பதில் வந்ததாம். போனை நீட்டிக் காட்டினார். வாட்ஸ்அப்பில் எங்கள் மேளத்தின் பெயர், என் படம், "வணக்கம் அண்ணா, திகதி சொல்லுங்கள்" என்று நான் எழுதாத செய்திகள். நம்பர் என்னுடையது இல்லை.

மகள் வெப்சைட்டைத் திறந்தாள். படத்துக்குக் கீழே என் நம்பர் சரியாக இருந்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினாள். வேறு நம்பர் திறந்தது.

இந்த ஒரு இடத்தைத் தயவுசெய்து கவனியுங்கள். பக்கத்தில் எழுதியிருக்கும் நம்பர் ஒன்று, பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் நம்பர் இன்னொன்றாக இருக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர் நம்பரைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருக்க மாட்டார், பொத்தானைத்தான் அழுத்துவார். உங்களுக்கு யார் வெப்சைட் செய்திருந்தாலும், இன்றைக்கே வேறு ஒருவரின் போனில் அதைத் திறந்து ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். செய்தி அனுப்பும் படிவம் இருந்தால் அதிலும் ஒன்று எழுதி அனுப்பி, அது உங்கள் ஈமெயிலுக்கு வருகிறதா என்று பாருங்கள். எங்கள் படிவமும் அவருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

அவருக்குப் போன் எடுத்தேன். மறுக்கவில்லை. "அது எங்கட புக்கிங் சேவை அண்ணை. இலவசமா செய்து தந்தா எங்களுக்கும் ஏதாவது வேணும்தானே" என்றார். கடவுச்சொல்லைக் கேட்டேன். அந்தக் கணக்கில் வேறு கலைஞர்களின் பக்கங்களும் இருப்பதால் தர முடியாதாம். டொமைனையாவது தாருங்கள் என்றேன். மாற்றித் தர 60,000 ரூபா கேட்டார். என் பெயர், என் காசில் வாங்கிய பெயர், அதைத் திருப்பி எனக்கே விலை சொன்னார். அன்று இரவே பக்கத்தை மூடிவிட்டார். காசு போட்ட வேறு எத்தனை பேர் எங்களை ஏமாற்றுக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ, அந்த எண்ணம்தான் நித்திரையைக் கெடுக்கிறது. கனடாக்காரருக்கு அடுத்த திருவிழாவைக் காசில்லாமல் வாசித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

டொமைன் பற்றி அன்றே தெரிந்திருக்க வேண்டியவை சில. இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில் பெயரைப் போட்டால், அது எப்போது பதியப்பட்டது, எப்போது முடியும் என்று வரும். என்னிடம் ஐந்து வருடம் என்று வாங்கிய பெயர் ஒரே ஒரு வருடத்துக்குத்தான் பதியப்பட்டிருந்தது. ஒரு டொட் கொம் பெயருக்குப் பொதுவாக வருடத்துக்கு 10 முதல் 15 டொலர்தான் போகும். வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதற்கு ஒரு இரகசியக் குறியீடு வேண்டும், அது கணக்கு வைத்திருப்பவருக்குத்தான் கிடைக்கும். அதனால் வேறு யார் வேலையைச் செய்தாலும் கணக்கு உங்கள் ஈமெயிலில், உங்கள் போன் நம்பரில் திறக்கப்பட வேண்டும். வங்கிக் கார்ட் இல்லை என்றால் பிள்ளைகளின் கார்ட்டில் கட்டுங்கள், ஈமெயில் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். தமிழிலேயே ".இலங்கை" என்று முடியும் பெயர்களும் 2010 முதல் இருக்கின்றன. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இனி அப்பாவின் தோடி.

தேடிப் பார்த்தபோது அது அவருடைய யூடியூப் சனலில் கிடந்தது. அப்பாவின் பெயர் எங்கும் இல்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு பெண் குரல் வந்து அவருடைய நிறுவனத்தின் பெயரைச் சொல்கிறது. காந்தார சுரத்தில் அப்பா நிற்பார், ஒரு மூச்சில் நின்று, அதை அசைத்து அசைத்து மேலே தூக்கப் போகும் இடம், அங்கே அந்தக் குரல். அம்மா பக்கத்தில் இருந்தார். ஒன்றும் சொல்லாமல் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

உடனே பதிப்புரிமைப் புகார் போடத்தான் எனக்குக் கை துடித்தது. மகள் தடுத்தாள். "அப்பா, புகார் குடுத்தா அதை எடுத்துப்போடுவாங்கள். எங்களிட்ட வேற பிரதி இல்லை." அவள் சொன்னது சரி. முதலில் ஒலியை இறக்கி, போனில் ஒன்று, கணினியில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று என்று வைத்தாள். பக்கத்தின் படத்தையும் திகதி தெரிய எடுத்து வைத்தாள். அதன் பிறகுதான் யூடியூப்பின் படிவத்தை நிரப்பினோம். சில நாட்களில் அந்த வீடியோ நீக்கப்பட்டது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் வாசித்த கலைஞருக்கும் உரிமை சொல்லப்பட்டிருக்கிறது. எழுதினவருக்கு மட்டும்தான் உரிமை என்று நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

ஆனால் கையில் இருப்பது அந்தக் குரல் ஏறிய பிரதி. அதோடு அது சுருக்கப்பட்ட ஒலி. கார்ட்டில் இருந்தது கடைக்காரர் தந்த முழுத் தரக் கோப்பு. நிமிடத்துக்குப் பத்து எம்பிக்குச் சற்று மேல் பிடிக்கும், 47 நிமிடமும் ஏறக்குறைய 500 எம்பி. விக்ஸின் இலவசத் திட்டத்தில் மொத்த இடமே 500 எம்பிதான். வேர்ட்பிரஸ் இலவசத் திட்டத்தில் ஒலிக்கோப்பை ஏற்றவே விடாது. ஆகவே இலவசப் பக்கத்தைப் பெட்டகமாக நினைக்காதீர்கள், பாட்டை அங்கே காட்டலாம், வைக்கக் கூடாது. மைஸ்பேஸ் என்ற பெரிய தளமே 2015க்கு முன் ஏற்றிய பாட்டுகளை இழந்துவிட்டது, 2019இல்தான் அது வெளியே தெரிந்தது, கோடிக்கணக்கான பாட்டுகள் என்று மகள் படித்துச் சொன்னாள். அவர்கள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, ஆனாலும் போனது போனதுதான். மூலப் பிரதியை ஒருவருக்கும் கொடுக்காதீர்கள். படியெடுத்துக் கொடுங்கள்.

இப்போது கூகுளின் வெப்சைட் கட்டும் சேவையான கூகுள் சைட்ஸில் மகள் ஒரு பக்கம் செய்திருக்கிறாள். ஒரு பின்னேரம் எடுத்தது. காசில்லை, விளம்பரமும் இல்லை, நாங்கள் வாங்கும் டொமைனை அதில் இணைக்கவும் விடுகிறது. ஜிமெயில் என்னுடையது. மினுக்கம் குறைவுதான். பொத்தானை அழுத்தினால் என் போன் அடிக்கிறது.

அதில் பாட்டு என்ற பகுதி இன்னும் வெறுமையாக இருக்கிறது. அந்தக் குரலோடு அப்பாவைப் போட எனக்கு மனமில்லை. 2003இல் அந்தத் திருவிழா முடிந்த பிறகு, டேப் கொண்டுவந்தவர் ஊரில் நாலைந்து பேருக்குக் கசற் அடித்துக் கொடுத்தார். அவர்களில் சிலர் 2006க்கு முன்பே வெளிநாடு போய்விட்டார்கள். உங்கள் வீட்டிலோ, உங்கள் அப்பா அம்மாவின் பழைய பெட்டியிலோ, அம்மன் கோயில் திருவிழா மேளம் என்று எழுதிய கசற் ஏதாவது கிடந்தால், தயவுசெய்து அதை ஓடவிட்டுப் பார்க்காதீர்கள், நாடா அறுந்துவிடும். எனக்குச் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.