மகதியா, ரீதிகௌளையா?

சினிமா மெட்டுக்கு அபூர்வ ராகம் எடுக்க ஆசை, ஆனால் மகதி, ரீதிகௌளை என்ற இந்த இரண்டு ராகங்களில் எதை எடுப்பது என்று தவிப்பவர்களுக்கு:

சுரங்கள்: மகதியில் ச, க, ப, நி என நான்கே. ரீதிகௌளையோ நேராக ஏறி இறங்காமல் வளைந்து வளைந்து போகும்.

பாட எளிது: மகதி. ரீதிகௌளையில் பிடி (ராகத்தை அடையாளம் காட்டும் சுரக்கோவை) தவறினால் ராகமே கலைந்துவிடும்.

கார்டு (chord, பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது): மகதியின் நான்கு சுரமும் சேர்ந்தால் ஒரு செவன்த் கார்டு, அவ்வளவுதான், நகர இடம் குறைவு. ஆனாலும் 1975-இல் மகதியில் போட்ட 'அதிசய ராகம்' பாட்டில் எம்.எஸ்.விஸ்வநாதன் கடைசியில் பைரவி ராகத்துக்குப் போகும் இடம் எவ்வளவு அழகு!

புழக்கம்: ரீதிகௌளைதான். 1977-இல் 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்', 2008-இல் 'கண்கள் இரண்டால்'. (முதல் பாட்டைப் பாடிய பாலமுரளிகிருஷ்ணாதான் மகதியை உருவாக்கியவர்.)

கேட்டதும் திகைக்க வேண்டுமா, மகதி. உருகும் காதல் மெட்டா, ரீதிகௌளை. என் மனசு ரீதிகௌளை பக்கம்தான்.