சிங்கி இறாலுக்கு மூச்சா, சிலிண்டரா?

அமெரிக்காவின் ஃப்ளோரிடா கீஸ் தீவுகள் பக்கம் ஜூலைக் கடைசியில் ஒரு புதன், வியாழன் இரண்டு நாளும் திருவிழாக் கூட்டம்தான். சிங்கி இறால் பிடிக்க அனுமதிக்கும் 'மினி சீசன்' அது. முழு சீசன் ஆகஸ்ட் 6 முதல் மார்ச் 31 வரை. மூச்சடக்கி முங்குவதா, காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குவதா என்ற சண்டையும் கூடவே ஆரம்பித்துவிடும்.

நம்மூர் சிங்கி இறாலுக்குப் பங்காளிதான் இது. கொடுக்கு கிடையாது, உடம்பெல்லாம் முள். இங்கே ஈட்டியால் குத்தக் கூடாது. பாறை இடுக்கிலிருந்து இரண்டு மீசை நீட்டிக்கொண்டிருக்கும். குச்சியை வாலுக்குப் பின்னால் விட்டு லேசாகத் தட்டினால் முன்னால் நகர்ந்து வெளியே வரும். பின்பக்கம் வலையை வைத்துவிட்டு முகத்துக்கு நேரே குச்சியை ஆட்ட வேண்டும். வாலை அடித்துப் பின்னோக்கிப் பாய்ந்து தானாக வலையில் விழும். அதோடு முடியவில்லை. முதுகோடு 3 அங்குலத்தைத் தாண்டுகிறதா என்று தண்ணீருக்குள்ளேயே அளக்க வேண்டும். சினை இருந்தால் விட்டுவிட வேண்டும்.

இத்தனையையும் ஒரே மூச்சில் முடிக்க எனக்கு வராது. பார்க்க ஒரு முங்கு, கிளப்ப ஒன்று, பிடிக்க இன்னொன்று. சிலிண்டர்காரர் மணலில் குப்புறப் படுத்து நிதானமாகச் செய்வார். இறாலுக்கு அவர் கை ஓங்கியிருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கீஸில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறுதான். நாலைந்து மீட்டர் ஆழத்திலேயே அது தேறிவிடும்போது முதுகில் அந்தப் பாரம் எதற்கு?

ஈட்டியால் மீன் பிடிப்பதற்கு வந்தால் கதை தலைகீழ். குமிழிச் சத்தம் கேட்டாலே பல மீன்கள் ஒதுங்கிவிடும். சத்தமில்லாமல் இறங்கினால் ஹாக்ஃபிஷ் நம்மையே வேடிக்கை பார்க்க வரும். பொந்துக்குள் பதுங்கும் களவாவும் 20 மீட்டர் ஆழமும் மட்டும் சிலிண்டருக்கு.

ஆபத்து இரண்டிலும் உண்டு, வகைதான் வேறு. மூச்சடக்குபவருக்கு மேலே வரும்போது அழுத்தம் குறைய, மிச்சமிருக்கும் ஆக்சிஜன் மூளைக்குப் போதாமல் மயக்கம் வரும். பெரும்பாலும் மேற்பரப்பை ஒட்டியோ, தலை வெளியே வந்த பிறகோதான். இறங்குமுன் வேகவேகமாக மூச்சிழுத்தால் இன்னும் மோசம். கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடுவதால் மூச்சு முட்டும் எச்சரிக்கையே தாமதமாகிவிடும். அதனால் ஒருவர் கீழே, ஒருவர் மேலே. வந்தவரை அரை நிமிஷமாவது கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். சிலிண்டர்காரர் ஒருபோதும் மூச்சை அடக்கக் கூடாது, மெதுவாக ஏற வேண்டும்.

எனக்குப் பயம் இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களைப் பார்த்துத்தான். 'சும்மா பாதுகாப்புக்கு' என்று இடுப்பில் காற்று அடைத்த சின்ன பாட்டில் செருகிக்கொள்வார்கள். அல்லது கீழே இருக்கும் சிலிண்டர் நண்பரிடம் ஒரு இழுப்பு வாங்குவார்கள். மேலிருந்து எடுத்துப்போன 5 லிட்டர் மூச்சு 10 மீட்டரில் பாதியாகச் சுருங்கி, ஏறும்போது மறுபடி 5 லிட்டர்தான் ஆகும். அதே ஆழத்தில் சிலிண்டரிலிருந்து 5 லிட்டர் இழுத்தால் மேலே வரும்போது அது 10 லிட்டர். பழக்கதோஷத்தில் வாயை மூடிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும். இதற்கு 10 மீட்டர்கூட வேண்டாம்; ஆளுயரத் தண்ணீரே போதும். பயிற்சி இல்லாதவர் கையில் அந்த பாட்டில் இருப்பதைவிட இல்லாததே மேல் என்பேன்.

மேலே மிதக்கும் கம்ப்ரசரில் குழாய் மாட்டி மூச்சு விடுவதும் இதே கணக்குதான். குழாய் சுதந்திரம் மாதிரித் தோன்றும், ஆனால் நுரையீரலுக்கு அதுவும் சிலிண்டர்தான். கம்ப்ரசர் தன் எஞ்சின் புகையையே உறிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை வேறு.

என் கணக்கில், ஆழமில்லாத திட்டுகளுக்கும் மீனுக்கும் வெறும் மூச்சு. ஆழமான விளிம்பில் இறால் தேட, பயிற்சி முடித்தவருக்கு முழு சிலிண்டர். பக்கத்து பஹாமாஸுக்கு விருந்தாளியாகப் போனால் இந்தச் சண்டைக்கே இடமில்லை: சிலிண்டரோடு ஈட்டி மீன்பிடிப்பு கூடாது, ஈட்டித் துப்பாக்கியும் கூடாது. கம்பு ஈட்டி அல்லது ஈட்டி எய்யும் ரப்பர் கவண், மற்றபடி உங்கள் மூச்சு.