டேக்கோ இல்லாம ஸ்பீடு சொல்ற வைப்ரேஷன் அனலைசர், மூணு வருஷத்துக்கு அப்புறம்

சர்வீஸுக்குப் போன அனலைசர், அதாவது மெஷினோட அதிர்வை அளந்து காட்டுற கருவி, நேத்துதான் திரும்பி வந்துச்சு. இதே மாடலை வாங்கலாமான்னு நண்பர் ஒருத்தர் கேட்டுட்டே இருக்கார். சேனல், பேட்டரி, டிஸ்ப்ளே எல்லாம் அவருக்கே தெரியும், அதனால நான் பேசப்போறது வைப்ரேஷன் சிக்னல்லேர்ந்தே ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) கண்டுபிடிக்கிற அந்த ஆட்டோ மோடு பத்தி மட்டும்தான்.

கியர்பாக்ஸுக்கு டேக்கோ (ஷாஃப்ட் சுத்துறதை நேரா எண்ணுற மீட்டர்) வைக்கிறது எவ்ளோ பாடுன்னு செஞ்சவங்களுக்குத் தெரியும். மெஷினை நிறுத்தி, பாதுகாப்பு மூடியைக் கழட்டி, ஷாஃப்ட்ல எண்ணெயைத் துடைச்சு ரிஃப்ளெக்டிவ் டேப் ஒட்டணும், அதுலயும் உள்ள இருக்கிற இன்டர்மீடியட் ஷாஃப்ட்டுக்கு டேப் ஒட்டவே வழி கிடையாது. இந்த வசதிக்காகத்தான் இதை எடுத்தோம்.

முதல் மாசமே எரிச்சல் ஆரம்பிச்சிடுச்சு. 50 ஹெர்ட்ஸ் சப்ளையில வேகத்தை மாத்துற டிரைவ் எதுவும் இல்லாம நேரா ஓடுற நாலு போல் (நாலு காந்த முனை) மோட்டார், நல்ல லோடுல இழுத்துட்டு இருக்கு, இது அசையாம 1500னு காட்டுது. உள்ள காந்தப்புலம் சுத்துறதே 1500லதான், இண்டக்ஷன் மோட்டார் லோடுல எப்படிங்க 1500 ஓடும், ஸ்லிப் (புலத்தைவிட ஷாஃப்ட் கொஞ்சம் பின்தங்குறது) இல்லாம டார்க்கே (சுத்துற விசை) வராதே! ஸ்ட்ரோப் லைட் (விட்டு விட்டு மின்னி வேகம் காட்டுற விளக்கு) அடிச்சுப் பார்த்தா 1482. ஸ்பெக்ட்ரத்தை (அதிர்வை ஃப்ரீக்வென்சி வாரியாப் பிரிச்ச படம்) தோண்டினப்போதான் புரிஞ்சுது, அது பிடிச்சது ஷாஃப்ட்டை இல்ல, சப்ளைக்கு ரெண்டு மடங்கா 100 ஹெர்ட்ஸ்ல நிக்கிற மின்காந்த பீக்கை. அதை ஷாஃப்ட்டோட நாலாவது ஹார்மோனிக்னு (நாலு மடங்கு ஃப்ரீக்வென்சி) எடுத்துக்கிட்டு, நாலால வகுத்து 25 ஹெர்ட்ஸ்னு சொல்லியிருக்கு.

தப்பா சொல்றதைக் கூட மன்னிச்சிடலாம், ஏன்னா வேலை நிஜமாவே கஷ்டம், கியர் மெஷ் (பல்லும் பல்லும் சேர்றப்போ வர்ற அதிர்வு), அதோட ஹார்மோனிக், சைடுபேண்ட் (பீக்குக்கு ரெண்டு பக்கமும் நிக்கிற குட்டி பீக்), கேசிங் ரெசனன்ஸ் (பெட்டியோட ஒத்ததிர்வு) இவ்ளோ கூட்டத்துக்கு நடுவுல ஷாஃப்ட் பீக் சில சமயம் இருக்கிற இடமே தெரியாது. ஆனா எந்த பீக்கை வச்சு இந்த நம்பரைச் சொல்றேன்னு இது காட்டவே காட்டாது, அதுதான் மூணு வருஷமா என்னைக் கோபப்படுத்துது. 18 ஆர்பிஎம்ல என்ன போச்சுன்னு நினைக்காதீங்க. பேரிங் அவுட்டர் ரேஸ் (வெளி வளையம்) பழுதானா வர்ற ஃப்ரீக்வென்சி ஷாஃப்ட் ஸ்பீடுக்கு 3.58 மடங்குன்னு வைங்க, 1482க்கு 88.4 ஹெர்ட்ஸ் வரும், 1500க்கு 89.5. பத்தாவது ஹார்மோனிக் போறதுக்குள்ள கர்சர் 10 ஹெர்ட்ஸுக்கு மேல தள்ளிப் போய் காலி இடத்துல நிக்கும், பேரிங் நல்லாருக்குன்னு ரிப்போர்ட் எழுதிட்டு வந்துடுவோம்.

இப்போ நியாயத்தையும் சொல்லிடறேன். இதுலயே பல்லு எண்ணிக்கை கொடுத்து ஓட்டுற மேனுவல் மோடு ஒண்ணு இருக்கு, அது வேற லெவல். அந்த மோட்டாருக்கு அடுத்த பினியன் (சின்ன கியர்) 23 பல்லு, 1482ல மெஷ் (செகண்டுக்கு எத்தனை சுத்தோ அதை 23ஆல பெருக்கினது) 568.1 ஹெர்ட்ஸ்ல வரணும், 1500ன்னா 575, அந்த 7 ஹெர்ட்ஸ் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஒரு செகண்ட் ரெக்கார்டுல ஸ்பெக்ட்ரம் ஒரு ஹெர்ட்ஸ் ஒரு ஹெர்ட்ஸாத்தான் பிரியும், ஷாஃப்ட் பீக்ல அது 60 ஆர்பிஎம், மெஷ் பீக்ல பார்த்தா அதையே 23ஆல வகுத்துக்கலாம், 2.6தான். பல்லு தெரியாத பழைய பெட்டிக்கும் வழி இருக்கு. மெஷ் பீக்கைச் சுத்தி ரெண்டு வகை சைடுபேண்ட் தெரிஞ்சா, 24.7 ஹெர்ட்ஸ் இடைவெளியில ஒண்ணு, 8 ஹெர்ட்ஸ் இடைவெளியில ஒண்ணு, அதுதான் சேர்ற ரெண்டு ஷாஃப்ட்டோட வேகம், 568.1ஐ ரெண்டாலயும் வகுங்க, 23, 71னு முழு எண்ணா வந்து விழும். டிராயிங்கே இல்லாத கியர்பாக்ஸ்ல இப்படிப் பல்லு எண்ணினப்போ வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்ல.

டிராக்கிங்கும் (வேகம் மாற மாற அந்த பீக் பின்னாடியே போறது) அருமை. தேடுற எல்லையைக் குறுக்கி வைக்கணும், பக்கத்து சைடுபேண்ட் உள்ள வந்துட்டா அதுக்குத் தாவிடும், அவ்ளோதான் கவனம். கன்வேயர்ல சரக்கு விழுறப்போ ஸ்பீடு எட்டு பத்து ஆர்பிஎம் இறங்கி ஏறுறதை அப்படியே கோடா வரைஞ்சு காட்டும். அந்தக் கோட்டை வச்சு ஆர்டர் ஸ்பெக்ட்ரம் (ஹெர்ட்ஸுக்குப் பதிலா ஷாஃப்ட் வேகத்துக்கு எத்தனை மடங்குன்னு காட்டுறது) போட்டா, சாதா ஸ்பெக்ட்ரத்துல பரவி மங்கிக் கிடந்த பீக் எல்லாம் ஊசி மாதிரி நிமிருது.

இவ்ளோ சொல்லிட்டு வாங்காதீங்கன்னுதான் சொல்லப்போறேன். சென்சார் கனெக்டர் லூஸுன்னு அனுப்பினது, கனெக்டரைச் சரி பண்ணிட்டாங்க, கூடவே சாஃப்ட்வேரையும் புதுசா ஏத்தி நான் மூணு வருஷமா சேர்த்த பல்லு டேபிள் மொத்தத்தையும் அழிச்சிட்டாங்க. பேக்கப்ல அளந்த டேட்டா மட்டும்தான் போகும், அந்த டேபிள் போகாதாம், இப்போதான் சொல்றாங்க. நேத்து அதே மோட்டார்ல வச்சேன், ஆட்டோ மோடு, 1500.

டெமோவுக்கு யாராவது வந்தா லோடுல ஓடுற ஒரு நாலு போல் மோட்டார் மேல வைக்கச் சொல்லுங்க. 1500னு காட்டினா எந்த பீக்னு காட்டச் சொல்லுங்க, காட்ட முடியலைன்னா பெட்டியை மூடச் சொல்லிடுங்க.