இரண்டு பொத்தான்களுக்காகவே வாங்கலாம்: கேசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ்

இந்தக் கால்குலேட்டரில் 417 செயல்பாடுகள் இருப்பதாக நிறுவனம் சொல்கிறது. இயற்பியல் கற்பிக்கும் எனக்கு அவற்றில் இரண்டுதான் முக்கியம். கூட்டல் குறிக்கு மேலே மஞ்சள் எழுத்தில் 'பொல்'. கழித்தல் குறிக்கு மேலே 'ரெக்'. ஷிஃப்டை அழுத்திய பிறகு தொட வேண்டியவை என்பதால், என்னிடம் வரும் மாணவர்களில் பெரும்பாலோர் இவற்றைக் கவனித்ததே இல்லை. ஒரு திசைவேகத்தைக் கூறுகளாகப் பிரிக்கவும் (ரெக்), பிரித்ததை மறுபடி ஒன்றாக்கவும் (பொல்) இவற்றைவிட நல்ல துணையை நான் பார்த்ததில்லை.

ஒரு பந்து நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில், தரையோடு 30 டிகிரி சாய்வில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ரெக் அழுத்தி 20, 30 என்று கொடுத்தால் எக்ஸ் 17.32, ஒய் 10 என்று வரும். முதலாவது கிடைத்தளக் கூறு, அடுத்தது செங்குத்துக் கூறு. 20 கோசைன் 30, 20 சைன் 30 என்று தனித்தனியாகத் தட்டியும் இதைப் பெறலாம். அப்போது திரை 10√3 என்று மூலக்குறியோடே விடை காட்டும் அழகு தனி. ஆனால் ரெக் கொடுக்கும் விடைகள் எக்ஸ், ஒய் என்ற நினைவிடங்களில் தாமாகவே பதிந்துவிடுகின்றன. உண்மையான பயன் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு விமானம் மணிக்கு 200 கி.மீ. வேகத்தில், வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 60 டிகிரி திசையில் பறக்கிறது. மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி மணிக்கு 40 கி.மீ. காற்று வீசுகிறது. ரெக்கில் 200, 60 கொடுங்கள். கோணத்தை வடக்கிலிருந்து அளந்ததால் இங்கே எக்ஸ்தான் வடக்குக் கூறு: 100. கிழக்குக் கூறு ஒய்: 173.2. காற்று கிழக்குக் கூறை மட்டுமே மாற்றும். ஆகவே பொல் அழுத்தி, எக்ஸ், ஒய் + 40 என்று கொடுத்தால் போதும். தரையைப் பொறுத்த வேகம் 235.5, திசை 64.9 டிகிரி. இடையில் எந்த எண்ணையும் தாளில் எழுதி, தசமத்தை வெட்டி, மீண்டும் தட்ட வேண்டிய வேலையே இல்லை.

பொல்லை நான் இன்னொரு காரணத்துக்காகவும் வலியுறுத்துவேன். மேற்கே 3, வடக்கே 4 என்று கூறுகள் இருந்தால், இம்முறை கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக அளந்து, நேர்மாறு டேன் கொண்டு கோணம் தேடுபவருக்கு மைனஸ் 53.13 டிகிரி கிடைக்கும். அது தென்கிழக்கைக் காட்டும் கோணம்! மைனஸ் 3, 4 என்று பொல்லிடம் கொடுத்தால் வேகம் 5, கோணம் 126.87 என்று சரியான கால்பகுதியில் விடை வரும்.

கருவியால் ஆகாதது ஒன்று உண்டு: கோணம் எந்தக் கோட்டிலிருந்து அளக்கப்பட்டது என்பது அதற்குத் தெரியாது. 'கிடைத்தளம் என்றால் கோசைன்' என்று மனப்பாடம் செய்தவர்கள், செங்குத்தோடு 30 டிகிரி என்று கேள்வி மாறியதும் தடுமாறிப்போகிறார்கள். கோணத்தை ஒட்டிய பக்கத்துக்குத்தான் கோசைன், எதிர்ப்பக்கத்துக்கு சைன். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயார், ஏனென்றால் இந்தப் பாடத்தில் குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. முக்கோணத்தைத் தாளில் வரைந்து, கோணத்தைக் குறித்த பிறகே பொத்தானைத் தொடுங்கள்.

திரையின் மேல் ஓரத்தில் டிகிரியைக் குறிக்கும் 'டி' எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். கோணத்தின் இன்னொரு அலகான ரேடியனில் இருந்தால் மேலே சொன்ன பந்துக்கு 3.09, மைனஸ் 19.76 என்று விடை வரும். மேலே எறிந்த பந்து தரைக்குள் பாய்வதாக அர்த்தம். ஷிஃப்ட், மோட், 3 அழுத்தினால் டிகிரிக்குத் திரும்பிவிடும்.

கலப்பெண் முறையில் வேகத்தையும் கோணத்தையும் சேர்த்தே எழுதி, இரண்டு வெக்டர்களை (அளவும் திசையும் கொண்டவற்றை) ஒரே வரியில் கூட்டவும் முடியும். அடிப்படை பழகியவர்களுக்கு அது பெரிய வசதி. புதிதாகக் கற்பவர்களுக்கு நான் அதைக் காட்டுவதில்லை.

ஏற்கெனவே கேசியோவின் இன்னொரு கால்குலேட்டரான எஃப்எக்ஸ்-82எம்எஸ் வைத்திருப்பவர்கள் இதற்காக மட்டும் மாற வேண்டாம். அதிலும் பொல், ரெக் இரண்டும் உண்டு. திரையில் முதல் விடை மட்டும் தெரியும். இரண்டாவதை எஃப் நினைவிடத்திலிருந்து அழைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.