சாயக் கழிவுநீருக்கு வழி சொன்ன ஆய்வுக் குழு: ஒரு பட்டறைக்காரரின் மதிப்புரை

மதுரையில், துணியில் முடிச்சிட்டு வெள்ளைப் புள்ளிகள் எடுக்கும் சுங்குடிச் சேலைகளுக்குச் சாயம் போடும் சிறிய பட்டறையை எங்கள் குடும்பம் நடத்தி வருகிறது. 2005-இல் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எங்களுக்குப் பெருமை உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைப் பார்த்த நாளிலிருந்து கழிவுநீரைப் பற்றிய கவலையும் உண்டு. அந்தக் கவலையோடுதான் சென்ற ஆண்டு ஒரு பல்கலைக்கழகத்தின் வேதிப்பொறியியல் ஆய்வுக் குழுவை அணுகி, கட்டணம் செலுத்தி, எங்கள் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தோம்.

குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துறையில் நாட்டம். பேராசிரியர், நுண்துளைச் சவ்வின் வழியே நீரை அழுத்திச் சுத்திகரிக்கும் சவ்வு வடிகட்டலில் தேர்ந்தவர். ஆய்வு மாணவி ஒருவர், நம் பக்கத்துத் தரிசுகளில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தின் கரியைப் பதப்படுத்திச் சாயத்தை உறிஞ்ச வைக்க முயல்கிறார். இன்னொருவர் டைட்டானியம் டை ஆக்சைடின் மீது புற ஊதா ஒளியைப் பாய்ச்சிச் சாய மூலக்கூறுகளைச் சிதைக்கும் முறையை ஆராய்கிறார். நான்காமவருக்கு அக்கறை, கழிவு உருவாகும் தொட்டியிலேயே.

இவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது, தம்முடைய முறை எந்த இடத்தில் கை கொடுக்காது என்பதைத் தாமே சொன்ன நேர்மை. கரி நிறத்தைப் பிடித்துக்கொண்டாலும், சாயம் நூலில் ஏறுவதற்காக நாங்கள் தொட்டியில் போடும் உப்பு அதன் வழியே அப்படியே ஓடிவிடும் என்று அந்த மாணவியே சொன்னார். அடர்ந்த சிவப்பு நீருக்குள் ஒளி இறங்காது என்றார் மற்றவர். சவ்வு உப்பையும் பிரிக்கும். ஆனால் மிஞ்சும் கெட்டியான உப்புநீரை என்ன செய்வீர்கள் என்று பேராசிரியர் எங்களையே திருப்பிக் கேட்டார். வெளியேற்றும் நீரில் கரைந்த திடப்பொருள் (எங்கள் நீரில் பெரும்பாலும் உப்பு) லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை வைத்துப் பார்த்தால், எங்களுக்கு நிறத்தைவிட உப்பே பெரிய சிக்கல் என்பது அன்றுதான் விளங்கியது.

நான்காமவர் பட்டறைக்கே வந்து ஒரு முழு நாள் நின்றார். சாயம் போட்ட துணியில் ஒரு முடிச்சை அவிழ்க்கச் சொல்லி, உள்ளே இருந்த வெள்ளைப் புள்ளியின் ஓரத்தில் லேசாகக் கசிந்திருந்த சிவப்பைக் காட்டினார். நாங்கள் போடும் ரியாக்டிவ் சாயம் நூலோடு வேதிவினையால் பிணைவது; அதில் ஒரு பகுதி அப்படிப் பிணையாமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிறது; துணியில் உப்பு இருக்கும் வரை அந்த வீண்சாயம் எளிதில் வெளியேறாது; ஆகவே முதலில் குளிர்ந்த நீரில் உப்பை அலசிவிட்டு, அதன் பிறகே சோப்பு போட்ட சுடுநீருக்குப் போக வேண்டும் என்று விளக்கினார். நாங்கள் அவசரத்தில் அந்த முதல் அலசலைக் குறைத்துக்கொண்டே வந்திருந்தோம். அதோடு, கடைசி அலசலில் வரும் ஓரளவு தெளிந்த நீரை வீணாக்காமல் அடுத்த ஈட்டுத் துணியின் முதல் அலசலுக்குத் திருப்பிவிடச் சொன்னார். துணி ஒரு திசையில் போக, தண்ணீர் எதிர்த் திசையில் வருகிறது. புதிதாக இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. ஒரு குழாயும் ஒரு வாளியும் இடம் மாறின, அவ்வளவுதான். வெள்ளைப் புள்ளிகள் இப்போது சுத்தமாக நிற்கின்றன; தண்ணீரும் கண்கூடாகக் குறைந்திருக்கிறது. உப்பின் அளவையே குறைக்கும் சோதனையை இளநிறங்களில் தொடங்கியிருக்கிறோம்.

குறை ஒன்று சொல்ல வேண்டும். தேர்வுக் காலம் குறுக்கிட்டதால் அறிக்கை சொன்ன தேதியைத் தாண்டி நெடுநாள் கழித்தே வந்தது; அதுவும் முழுக்க ஆங்கிலத்தில், வரைபடங்கள் நிறைந்து வந்தது. தொட்டியருகே நிற்பவர்கள் படிக்கும்படி தமிழில் ஒரு பக்கமாவது முதலிலேயே தந்திருக்கலாம். நாங்கள் கேட்ட பிறகு அந்த மாணவி பொறுமையாக உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இன்றும் சுவரில் ஒட்டியிருக்கிறது.

இத்தகைய குழுவிடம் போகிற பட்டறைக்காரர்கள், எல்லாத் தண்ணீரையும் ஒரே குடத்தில் கலந்து எடுத்துச் செல்ல வேண்டாம். சாய நீர், முதல் அலசல், சோப்பு நீர், கடைசி அலசல் என்று தனித்தனியாகப் பாட்டிலில் பிடித்து, எந்த நிறம், எவ்வளவு உப்பு என்று மேலே எழுதிக் கொண்டு போங்கள். நாங்கள் கலந்து கொண்டுபோனதால் இரண்டாம் முறை நடக்க வேண்டியதாயிற்று.