ஆட்டோகேடுக்குள் எக்செல் அட்டவணை: டேட்டா லிங்க் வசதியைப் பற்றிய மதிப்பீடு

வரைபடத்தாளின் ஓரத்தில் இடம்பெறும் அட்டவணையை வரைபவர்கள் பெரும்பாலும் கடைசி நேர வேலையாகவே கருதுகிறார்கள். ஆனால் கம்பி வெட்டுபவரும் கதவுச் சட்டம் செய்பவரும் தாளை விரித்ததும் முதலில் விரல் வைப்பது அந்த அட்டவணையின் மேல்தான். கணக்கு எக்செலில் நடக்கிறது, தாள் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் உருவாகிறது. இரண்டுக்கும் நடுவே எண்களை எப்படிக் கொண்டுசெல்வது என்பதற்கு அந்த மென்பொருள் பல வழிகளைத் தருகிறது. அவற்றுள் டேட்டா லிங்க் என்ற வழியைக் கான்கிரீட்டுக்கான கம்பி அட்டவணைகளுக்கும் கதவு ஜன்னல் அட்டவணைகளுக்கும் தொடர்ந்து பயன்படுத்தியபின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

அட்டவணை என்பது ஆட்டோகேடில் ஒரு தனிப் பொருளாக 2005 பதிப்பில்தான் வந்தது. அதுவரை கோடுகளை இழுத்து, நடுவே எழுத்துகளை ஒவ்வொன்றாக வைத்து ஒப்பேற்ற வேண்டியிருந்தது. அந்தப் பொருளை எக்செல் கோப்போடு பிணைக்கும் டேட்டா லிங்க் 2008 பதிப்பில் சேர்ந்தது. இது வேலை செய்ய வேண்டுமானால் அதே கணினியில் எக்செலும் நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

இன்றும் பலர் செய்வது, எக்செலில் நகலெடுத்து ஆட்டோகேடில் அப்படியே ஒட்டுவது. அவ்வாறு ஒட்டினால் கிடைப்பது ஓஎல்இ பொருள். அதாவது எக்செல் தாளின் ஒரு துண்டு, படம்போல வரைபடத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். இருமுறை சொடுக்கினால் எக்செல் திறக்கிறது என்பது வசதிதான். ஆனால் அதிலுள்ள எழுத்துகளை ஃபைண்ட் கட்டளையால் தேட முடியாது. தாளின் மற்ற எழுத்துகளுக்கு நாம் வகுத்த பேனாத் தடிமனும் அதற்குப் பொருந்தாது. சுற்றியுள்ள சட்டத்தைத் திரையில் வைத்துக்கொண்டு அச்சில் மட்டும் மறைக்க ஓலேஃப்ரேம் என்ற மாறியை (ஆட்டோகேடின் ஓர் அமைப்பு மதிப்பை) 2 என வைக்க வேண்டும் என்பதைக்கூட, சட்டத்தோடு ஒரு தாள் அச்சாகி வந்த பிறகுதான் பலரும் தெரிந்துகொள்கிறார்கள். ஒரே முறை வெளியிடும் சிறு குறிப்புக்கு அது போதும். திருத்தத்துக்குமேல் திருத்தம் காணும் அட்டவணைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

டேட்டா லிங்க் இதனின்று முற்றிலும் வேறானது. பேஸ்ட் ஸ்பெஷல் உரையாடலில் பேஸ்ட் லிங்க் என்பதையும் ஆட்டோகேட் என்டிட்டீஸ் என்பதையும் தேர்ந்தெடுத்தாலோ, டேட்டாலிங்க் கட்டளையில் புதிய இணைப்புக்குப் பெயரிட்டுக் கோப்பைக் காட்டினாலோ, உண்மையான ஆட்டோகேட் அட்டவணை ஒன்று உருவாகிறது. அதன் எழுத்துகள் நம் எழுத்துருவில், நம் லேயரில் (வரைபட அடுக்கில்) அமைகின்றன. எக்செலோடு இணைக்கப்பட்ட செல்கள் பூட்டப்பட்டிருப்பதால் யாரும் அவசரத்தில் எண்ணை மாற்றிவிட முடியாது. நீண்ட அட்டவணையை இரண்டு மூன்று பத்திகளாக உடைத்து அருகருகே நிறுத்தவும் வழி உண்டு. அறுபது வரிசைக் கம்பி அட்டவணையை ஒரே தாளில் அடக்க எனக்கு மிகவும் உதவியது இதுதான்.

இந்த வசதியின் உண்மையான மதிப்பு சூத்திரங்களைக் கையாளும் இடத்தில் தெரிகிறது. ஆட்டோகேட் அட்டவணைக்குள் கூட்டல், சராசரி, எண்ணிக்கை, எளிய சமன்பாடு ஆகியவற்றைத் தாண்டி அதிகம் செய்ய இயலாது. கம்பி எடைக்கு, மி.மீ. அளவிலான விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுக்கும் கணக்கை, அதாவது 12 மி.மீ. கம்பிக்கு மீட்டருக்கு 0.889 கிலோ என்பதை, அங்கேயே எழுதிவிடலாம். ஆனால் விட்டத்துக்கேற்ற வளைவு நீளத்தை வேறொரு ஷீட்டிலிருந்து தேடியெடுக்கும் சூத்திரம் அங்கே செல்லாது. ஆகவே இணைப்பை அமைக்கும்போது, சூத்திரங்களை எக்செலிலேயே தீர்த்து விடையை மட்டும் உரையாகக் கொண்டுவரும் தேர்வையே நான் எப்போதும் எடுக்கிறேன். தசம இடங்களும் தேதி வடிவமும் எக்செலில் கண்டபடியே தாளிலும் வருகின்றன.

எக்செல் தானே செய்யும் ஒரு குறும்பையும் இங்கே சொல்ல வேண்டும். கம்பி அடையாளமாக 3-5 என்று தட்டினால் அதை அது தேதியாக மாற்றிவிடும். 01 என்பதன் முன்பூஜ்யத்தை விழுங்கிவிடும். அந்தப் பத்தியை முதலிலேயே உரை வடிவத்துக்கு மாற்றி வைக்காவிட்டால், பிழை இணைப்பின் வழியே நேராகத் தாளுக்குப் போய்ச் சேரும்.

என் சொந்த அனுபவத்தில் பட்ட அடி ஒன்று உண்டு. தவறு முழுவதும் என்னுடையது. இணைப்பை அமைக்கும்போது ஏ1 முதல் எச்42 வரை என்று வரம்பை எண்ணிட்டுக் கொடுத்திருந்தேன். பின்னர் 43, 44-ஆம் வரிசைகளில் இரண்டு புதிய கம்பி வகைகளைச் சேர்த்து, இணைப்பையும் முறையாகப் புதுப்பித்தேன். மொத்த எடையைக் காட்டும் செல் தலைப்புப் பகுதியில் இருந்ததால் அது புதிய வரிசைகளையும் சேர்த்துச் சரியாக உயர்ந்தது; ஆனால் அந்த இரண்டு வரிசைகள் மட்டும் தாளில் தோன்றவே இல்லை. வரிசைகளைக் கையால் கூட்டிப் பார்த்தவர் ஒருவர் மொத்தம் பொருந்தவில்லை என்று கேட்ட பின்னரே எனக்கு உறைத்தது. அன்று முதல் எக்செலில் பெயரிட்ட ரேஞ்சை (பெயர் சூட்டிய செல் வரம்பை) மட்டுமே இணைக்கிறேன், அதன் இறுதியில் ஒரு வெற்று வரிசையை விட்டு, புதிய வரிசைகளை அதற்கு மேலேயே நுழைக்கிறேன். அப்போது ரேஞ்சும் கூடவே விரிகிறது.

புதுப்பித்தல் தானாக நடந்துவிடும் என்று நம்புவதும் ஆபத்தே. எக்செல் கோப்பைச் சேமித்தபின், ஆட்டோகேடின் கீழ் மூலையில் இணைப்பு மாறியிருப்பதாக ஓர் அறிவிப்பு எழும். அதைச் சொடுக்கினால்தான் அட்டவணை மாறும். டேட்டாலிங்க்நோட்டிஃபை மாறி 0 என்றிருந்தால் அந்த அறிவிப்பும் வராது. பழைய எண்களைத் தாங்கிய அட்டவணைக்கும் புதியதற்கும் தோற்றத்தில் எந்த வேறுபாடும் இல்லை என்பதை இந்த வசதியின் மிகப் பெரிய குறையாக நான் கருதுகிறேன். அச்சுக்கு அனுப்புமுன் டேட்டாலிங்க்அப்டேட் கட்டளையை ஒருமுறை இயக்குவதை வழக்கமாக்கிக்கொண்டால் இதிலிருந்து தப்பலாம். மூலக் கோப்பில் எழுத அனுமதிக்கும் தேர்வை நான் நீக்கியே வைக்கிறேன். வரைபடத்திலிருந்து கணக்கேட்டைத் திருத்தும் உரிமை எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வரிசையின் உயரம் இன்னொரு சிறு தொல்லை. எழுத்தின் உயரமும் செல்லின் மேல்கீழ் இடைவெளியும் சேர்ந்தே குறைந்தபட்ச உயரத்தைத் தீர்மானிப்பதால், எக்செலில் நெருக்கமாக இருந்த அட்டவணை இங்கே கொழுத்து நிற்கும். அட்டவணைப் பாணியில் அந்த இடைவெளியைக் குறைத்தபின்தான் அது அடங்கும். ஆட்டோகேட் அட்டவணை அளவுகோலுக்கேற்பத் தானாக உருமாறாது என்பதால், அதை உண்மை அளவில் வரையும் மாடலில் அன்றி, அச்சுத் தாளை அமைக்கும் லேஅவுட்டில் வைத்து, எழுத்துக்கு 2.5 மி.மீ. எனத் தாளில் வேண்டிய உயரத்தையே கொடுத்துவிடுவது எளிது.

வரைபடத்தை வெளியே அனுப்பும்போது எக்செல் கோப்பு உடன் செல்லாவிட்டாலும், கடைசியாகப் புதுப்பித்த எண்கள் அட்டவணையில் அப்படியே நிற்கும். பெறுபவரும் இணைப்பைப் புதுப்பிக்க வேண்டுமென்றால், முழுப் பாதைக்குப் பதிலாக, வரைபடக் கோப்பு இருக்கும் இடத்தைக் கொண்டு எக்செல் கோப்பைக் காட்டும் சார்புப் பாதையைத் தேர்ந்தெடுத்து இரு கோப்புகளையும் ஒரே கோப்புறையில் வைத்து அனுப்ப வேண்டும். வேலை முடிந்து ஆவணமாகப் போகும் பிரதியில் மட்டும் இணைப்பைத் துண்டித்து அட்டவணையைச் சாதாரண அட்டவணையாக்கிவிடுகிறேன். பின்னாளில் யாரேனும் அந்த எக்செல் கோப்பைத் திறந்து வேறு பணிக்குத் திருத்தினாலும், வெளியிட்ட தாளின் எண்கள் மாறுவதில்லை.